படைத்தலைமையும் முடிவெடுக்கும் முறையும்

போர்க்களத்தில் எடுக்கப்படும் முடிவுக்கு மூன்று இயல்புகள் உண்டு. தெரிய வேண்டியவற்றில் பாதிகூடத் தெரியாத நிலையில் அதை எடுத்தாக வேண்டும் என்பது முதலாவது. எதிர்த்தரப்பும் யோசிக்கிறது, இந்தப் பக்கம் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பக்கம் மாற்று தேடுகிறது என்பது இரண்டாவது. காலம் காத்திருக்காது என்பது மூன்றாவது. முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவாகிவிடுகிறது; அதற்கும் உயிர்களே விலையாகின்றன.

துணிச்சலும் கல்வியும் நெடிய அனுபவமும் கொண்ட தளபதிகளே இந்த நெருக்கடியில் தவறியிருக்கிறார்கள். அதனால்தான் உலகின் படைகள் தனிமனிதரின் திறமையை மட்டும் நம்பியிராமல், எந்தத் தலைவரும் தவறாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தி வைத்துள்ளன. முறைசார்ந்த முடிவெடுத்தல் என்பது அந்த வரிசைதான். அது விடையைத் தருவதில்லை. கேட்க மறந்த கேள்வி எது என்று காட்டுகிறது. விடை தலைவருடையது, பொறுப்பும் தலைவருடையது.

முறை வளர்ந்த வரலாறு

செயலுக்கு முன் எதை எதை எண்ண வேண்டும் என்று வகுத்துரைக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. முதலில் வரவும் இழப்பும் பார்த்துச் செயலைத் தேர்வது, பிறகு வலிமை, அதன்பின் காலம், அதன்பின் இடம். வலிமையைப் பேசும்போது செயலின் கடினம், தன் வலிமை, எதிரியின் வலிமை, இருதரப்புக்கும் துணை நிற்போரின் வலிமை என்று நான்கையும் தனித்தனியே எடைபோடச் சொல்கிறார் வள்ளுவர். ஒற்றரைப் பற்றிய 59ஆம் அதிகாரம், ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வலியுறுத்துகிறது. இன்றைய ராணுவக் கல்லூரிகள் கற்பிக்கும் மதிப்பீட்டுப் படிவத்தின் தலைப்புகள் ஏறக்குறைய இவையே.

ஐரோப்பாவில் இதை நிறுவனமாக்கியது பிரஷ்யா. 1806இல் யேனா போர்க்களத்தில் நெப்போலியனிடம் அடைந்த தோல்விக்குப் பின், மேதையான ஒரு தளபதி கிடைப்பார் என்று காத்திராமல், பயிற்சி பெற்ற அதிகாரிகள் கூடித் திட்டமிடும் பொதுப் பணியகத்தை அந்நாடு வளர்த்தது. வரைபடத்தின்மேல் இருதரப்பாகப் பிரிந்து போரை ஆடிப்பார்க்கும் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற பயிற்சி 1824இல் அதன் படையில் இடம்பெற்றது. பின்னாளில் பொதுப் பணியகத் தலைவரான மோல்ட்கே, எதிரியின் முதன்மைப் படையோடு மோதியபின் எந்தத் திட்டமும் எழுதியபடி நடக்காது என்று கருதினார். ஆகவே கீழ்நிலைத் தளபதிகளுக்குச் செய்முறையை விரித்துரைக்காமல் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லி, வழியை அவர்களிடமே விடும் பழக்கம் ஜெர்மானியப் படையில் வேரூன்றியது.

பிரிட்டிஷ் படையில் இதே சிந்தனை ‘சூழல் மதிப்பீடு’ என்ற எழுத்துப் பயிற்சியாக உருப்பெற்று, இந்தியப் படைக்கும் வந்தது. இந்திய அதிகாரிகள் அதை இன்றும் ‘அப்ரிசியேஷன்’ என்றே சொல்கிறார்கள். அமெரிக்கத் தரைப்படை அதை ஏழு படிகளாக வகுத்திருக்கிறது: பணியைப் பெறுதல், பணியைப் பகுத்தாய்தல், செயல்வழிகளை உருவாக்கல், அவற்றை ஆடிப்பார்த்தல், ஒப்பிடல், ஒன்றைத் தேர்தல், ஆணை எழுதுதல்.

இந்தியாவில் இந்தக் கல்வியின் இரு முக்கிய நிலையங்கள் தமிழ்நாட்டில் உள்ளன. 1947 பிரிவினையில், பணியாளர் கல்லூரி இருந்த குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியாவுக்கான கல்லூரி நீலகிரியின் வெலிங்டனில் அமைந்தது. முப்படைகளின் இடைநிலை அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே படிக்கிறார்கள். பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி 1988 முதல் அதிகாரிகள் பயிற்சி அகாடமி என்று வழங்குகிறது. முப்பது பேரைக் கொண்ட பிளட்டூனை வழிநடத்தப் போகும் இளைஞர் பரங்கிமலையில் கற்கும் வரிசைக்கும், பல்லாயிரம் பேரின் நகர்வைத் திட்டமிடப் போகிறவர் வெலிங்டனில் கற்கும் வரிசைக்கும் அடிப்படை ஒன்றே.

படிகள்

முதல் படி நோக்கம். மேலிடம் சொன்ன பணி என்ன, அதை ஏன் சொன்னது என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். ‘ஏன்’ என்பது தெரிந்தால்தான் சூழல் மாறும்போது பணியை மாற்றிக்கொள்ள முடியும். ஒரு பாலத்தைப் பிடிக்கச் சொன்னது எதிரி தப்பாமல் இருப்பதற்காகவா, தன் படை கடப்பதற்காகவா என்பது தெரியாத தளபதி, பாலம் தகர்ந்த செய்தி வந்ததும் திகைத்து நிற்பார். நோக்கங்கள் பல இருந்தால் எது முதன்மை என்று இந்தப் படியிலேயே தீர்த்துவிட வேண்டும்.

இரண்டாம் படி காரணிகள். நிலம், வானிலை, எதிரியின் பலம், தன் பலம், நேரமும் தொலைவும், உணவு, வெடிமருந்து, எரிபொருள், அந்த நிலத்தில் வாழும் மக்கள் ஆகியவை வரிசையாக ஆராயப்படுகின்றன. தகவலைக் குவிப்பதோடு இந்தப் படி முடிவதில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் கீழே ‘அதனால் என்ன?’ என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டும். ‘ஆறு வறண்டிருக்கிறது’ என்பது தகவல். ‘மேற்கு மலையில் மழை பெய்தால் ஓர் இரவில் பெருகும், ஆகவே இன்றே கடக்க வேண்டும்’ என்பது முடிவுக்கு உதவும் கருத்து. உறுதியாகத் தெரிந்தவை ஒரு பக்கமும், தெரியாமல் வைத்துக்கொண்ட அனுமானங்கள் மறுபக்கமும் பிரித்து எழுதப்படுவதும் இங்கேதான்.

மூன்றாம் படி செயல்வழிகள். தனக்கு இருக்கும் வழிகளுக்கு முன்பாக எதிரிக்கு இருக்கும் வழிகள் எழுதப்படுகின்றன. அவன் பெரும்பாலும் செய்யக்கூடியது எது, செய்தால் மிக ஆபத்தானது எது என்று குறைந்தது இரண்டு வழிகள் குறிக்கப்பட வேண்டும். தன் பக்கத்திலும் உண்மையிலேயே வேறுபட்ட இரண்டு வழிகளாவது தேவை. மனத்துக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உருப்படாத இரண்டை ஒப்புக்கு நிறுத்துவது பயிற்சிக் கல்லூரிகளில் அடிக்கடி கண்டிக்கப்படும் குறை.

நான்காம் படி ஆடிப்பார்த்தல். ஓர் அதிகாரி எதிரியாக அமர்ந்து, திட்டத்தை உடைக்கப் பார்க்கிறார். எதிரியாக அமர்பவர் தலைவரின் மனம் நோகுமோ என்று தயங்கினால் இந்தப் படி வீண். ஐந்தாம் படியில் தலைவர் ஒரு வழியைத் தேர்ந்து அதற்கான காரணத்தைச் சொல்கிறார். வாக்கெடுப்புக்கு இங்கே இடமில்லை. ஆறாம் படியில் அது ஆணையாகிறது. சூழல், பணி, நிறைவேற்றும் விதம், வழங்கல், கட்டளையும் தகவல்தொடர்பும் என்ற ஐந்து பகுதிகளில் ஆணை எழுதப்படுவதால், களைத்துப்போன ஒருவர் நள்ளிரவில் கேட்டாலும் எதையும் தவறவிடுவதில்லை. கிடைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தன் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளாமல், மீதியைக் கீழ்நிலையினரின் ஆயத்தத்துக்கு விடுவது பொதுவிதி.

புள்ளலூர், 1780

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலைக்கு மேற்கே, காஞ்சிபுரத்துக்கு வடக்கில் இருக்கிறது புள்ளலூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்ற இடமாகப் பல்லவச் செப்பேடு குறிப்பிடும் ஊர் அது. 1780 செப்டம்பர் 10 அன்று அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒன்று முழுமையாக அழிந்தது. மேலே சொன்ன படிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு இந்த வட்டாரத்தில் இல்லை.

அந்த ஆண்டு ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாட்டிக் சமவெளியில் இறங்கினார். அப்படையை 80,000க்கும் மேல் என்று கணித்தவர்கள் உண்டு. குதிரைப்படையே அதன் பெரும்பலம். கம்பெனியின் முதன்மைப் படை சென்னையை ஒட்டி இருந்தது. கர்னல் பெய்லியின் தலைமையில் சுமார் 2,800 பேர் வடக்கே குண்டூரில் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் ஹைதரை எதிர்க்க முடியும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. எங்கே சேர்வது என்பதுதான் கேள்வி.

சென்னைக்கு அருகிலேயே சேர வேண்டும் என்பது தளபதிகளில் ஒருவரான மக்லியட் பிரபுவின் கருத்து. படைத்தலைவர் சர் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தைத் தேர்ந்தார். சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ வேறொருவர். அவர் அப்போது இதே படையில் இளம் வீரராக இருந்தார். ஹெக்டர் மன்றோ 1764இல் பக்சார் போரை வென்றவர். அவருடைய துணிவிலோ அனுபவத்திலோ குறை காண முடியாது. ஆனால் காஞ்சிபுரம் ஹைதரின் குதிரைகள் ஓடித்திரியும் வெளியின் நடுவில் இருந்தது. கம்பெனியிடம் குதிரைப்படை இல்லாத குறையால், நாலைந்து கல் தொலைவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதே தெரியவில்லை. தன் பலமும் எதிரியின் பலமும் இடத்தேர்வோடு சேர்த்து எடைபோடப்படவில்லை.

ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. அன்றே கடக்காமல் கரையில் தங்கினார். இரவில் மேற்கே பெய்த மழையால் ஆறு பெருகியது. செப்டம்பர் முதல் வாரம் வரை அவரால் மறுகரை ஏற முடியவில்லை. வறண்ட ஆற்றைப் பார்த்தவர் ‘அதனால் என்ன?’ என்று கேட்டுக்கொள்ளாததன் விலை ஒரு வாரத்துக்கும் மேலான நாட்கள். அந்த நாட்களில் ஹைதர் செய்ததைப் பார்க்க வேண்டும். அவர் ஆற்காட்டை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். மன்றோ காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டதும், முற்றுகையை நிறுத்திவிட்டுப் படையைக் கிழக்கே திருப்பினார். இரு கம்பெனிப் படைகளும் சேராமல் தடுப்பதே அப்போதைய முதன்மை நோக்கம், ஆற்காடு காத்திருக்கலாம் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தருகே ஹைதரின் மகன் திப்பு பெய்லியைத் தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தார்; மேற்கொண்டு நகர முடியவில்லை. காஞ்சிபுரத்தில் ஏறத்தாழ 5,000 பேரோடு இருந்த மன்றோவுக்கு வரச்சொல்லி எழுதினார். இருவருக்கும் இடையே இருந்தது ஒரு நாள் நடைத்தொலைவு. மன்றோ போகவில்லை. சில நாட்களுக்கே போதுமான அரிசி காஞ்சிபுரத்துக் கோயிலில் இருந்தது; முழுப் படையும் வெளியேறினால் அது பறிபோகும் என்று அஞ்சினார். பெய்லியோடு சேர்வது, அரிசியைக் காப்பது, ஆற்காட்டை மீட்பது என்று மூன்று நோக்கங்கள் அவர் முன் இருந்தன. எது முதன்மை என்று தீர்க்காத நிலையில் மூன்றுக்கும் சிறிது சிறிதாகச் செய்யும் வழியை அவர் தேர்ந்தார். ஃபிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரின் ஆட்களோ என்று ஐயுற்ற ஃபிளெட்சர், பாதையை மாற்றிக்கொண்டு பத்திரமாகப் பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். செய்தியை ஐயுற்றுச் சரிபார்க்கும் பழக்கம் ஒரு படையைக் காப்பாற்றும் என்பதற்கு அந்தப் போரில் கம்பெனித் தரப்பில் கிடைக்கும் நல்ல சான்று அதுதான்.

9ஆம் தேதி இரவு பெய்லி காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டார். பாதித் தொலைவில், விடியட்டும் என்று நிறுத்தினார். இருட்டு அவருக்குச் சாதகமாக இருந்தது. வெளிச்சம் ஹைதரின் குதிரைகளுக்குச் சாதகம். விடிந்தபோது நாற்புறமும் மைசூர்ப் படை சூழ்ந்திருந்தது. பீரங்கியும் ராக்கெட்டும் பாய்ந்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படையில் இறந்தோர் போக எஞ்சியோர் சிறைப்பட்டனர். பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அன்றைய காட்சி அந்நகரத்துத் தரியா தவுலத் மாளிகையில் சுவரோவியமாக இருக்கிறது.

போர் நடந்த மறுநாள் மன்றோ கனரக பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். அங்கிருந்து வடக்கே பரங்கிமலை சேர்ந்தார். எதைக் காப்பதற்காகப் பெய்லியிடம் போகாமல் இருந்தாரோ அந்தக் காஞ்சிபுரம் இருப்பும் கைவிட்டுப் போயிற்று. நவம்பர் தொடக்கத்தில் ஆற்காடும் ஹைதர் வசமானது. மூன்று நோக்கங்களில் ஒன்றுகூட நிறைவேறவில்லை.

சோஜிலா, 1948

புள்ளலூர்த் தோல்வி நடந்து மூன்று வாரத்துக்குள், 1780 செப்டம்பர் 30 அன்று, சென்னைக் கோட்டையில் முன்னோடிப் படைப்பிரிவுகள் இரண்டு உருவாயின. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று புகழ்பெற்ற பொறியாளர் படை தன் பிறப்பை அந்நாளிலிருந்தே கணக்கிடுகிறது. 168 ஆண்டுகள் கழித்து, முறையான சிந்தனை வென்ற ஒரு களத்தில் அந்தப் படை முக்கியப் பங்கு வகித்தது.

1948இல், இந்திய–பாகிஸ்தான் போரின்போது, லடாக்கின் லே நகரத்துக்கான வழியைச் சோஜிலா கணவாயில் எதிரிகள் அடைத்திருந்தார்கள். உயரம் 3,500 மீட்டருக்கு மேல். செப்டம்பரில் காலாட்படை நடத்திய தாக்குதல்கள் பலிக்கவில்லை. பாறைகளுக்குள் இருந்த இயந்திரத் துப்பாக்கிகள் ஏறி வந்தவர்களைச் சாய்த்தன. இந்நிலையில் இன்னும் கூடுதல் வீரர்களை அதே வழியில் அனுப்புவதுதான் பலருக்கும் முதலில் தோன்றக்கூடிய விடை. மேஜர் ஜெனரல் திம்மையா சிக்கலை வேறுவிதமாக வரையறுத்தார். கணவாயில் எத்தனை பேரை ஏற்றுவது என்ற கேள்வியை விட்டுவிட்டு, அந்த இயந்திரத் துப்பாக்கிகளை வாயடைக்கச் செய்யும் கருவியை எப்படி மேலே கொண்டுபோவது என்று கேட்டார். அதற்கு விடை ஸ்டூவர்ட் ரக இலேசு டாங்கி. அவ்வளவு உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி எண்ணியிருக்க மாட்டான் என்பதும் கணக்கில் சேர்ந்தது.

அந்த விடை செயலாக வேண்டுமானால் வரிசையாகப் பல சிறு சிக்கல்கள் தீர வேண்டும். 7ஆம் இலேசு குதிரைப்படையின் டாங்கிகள் ஜம்மு பகுதியிலிருந்து வர வேண்டும். வழியில் இருந்த பாலங்கள் அவற்றின் எடைக்கு வலுப்படுத்தப்பட்டன. டாங்கி என்று தெரியாதபடி சுழல்மேடைகள் கழற்றப்பட்டன. பால்தாலிலிருந்து கணவாய்க்கு ஏறிய கோவேறு கழுதைப் பாதையை டாங்கி போகும் பாதையாக அகலப்படுத்தும் வேலை மேஜர் தங்கராஜு தலைமையிலான மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவினரிடம் வந்தது. குளிரிலும் துப்பாக்கிச் சூட்டிலும் அவர்கள் அதை முடித்தார்கள். வானிலை காரணமாகத் தள்ளிப்போன தாக்குதல் நவம்பர் 1 அன்று நடந்தது. திம்மையா தாமே முன்னணி டாங்கி ஒன்றில் சென்றார். கணவாய் திறந்தது, அம்மாதத்துக்குள் திராஸும் கார்கிலும் மீண்டன.

சிக்கல் தீர்க்கும் முறையில் இந்நிகழ்வு கற்பிப்பது சிக்கலை வரையறுக்கும் படியின் அருமை. தோற்ற திட்டத்தை மேலும் தீவிரமாகச் செய்வதற்கு முன், கேள்வி சரிதானா என்று திரும்பிப் பார்த்ததால் விடை மாறியது.

நோக்கம் மாறும்போது

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குச் சென்றது. ஆயுதங்களைப் பெற்றுக்கொள்வதும் போர்நிறுத்தத்தைப் பேணுவதும் அதன் பணி. அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும் போரில் இறங்கியது. அமைதி காக்க ஆயத்தமான படைக்கும் நகரப் போருக்கு ஆயத்தமான படைக்கும் ஆள் எண்ணிக்கை, வரைபடம், உளவு, கனரகக் கருவி அனைத்தும் வேறு. நோக்கம் மாறிய வேகத்துக்கு மதிப்பீடு மாறவில்லை.

அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கி விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்கும் முயற்சி நடந்தது. எதிர்பாராமல் தாக்குவதுதான் திட்டத்தின் உயிர். ஆனால் புலிகள் வானொலித் தகவல்களை ஒட்டுக்கேட்டுத் தயாராக இருந்தார்கள். கடுமையான சூட்டால் ஹெலிகாப்டர்கள் மேற்கொண்டு ஆட்களை இறக்க முடியாமல் போயிற்று. அங்கே இறங்கிய சீக்கிய இலேசுக் காலாட்படையின் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். ஒரு திட்டம் எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறதோ அது பொய்த்தால் என்ன செய்வது, எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதை முன்பே எழுதிவைக்கும் படிக்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாணம் இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் நெருங்கி வாழும் நகரில் பொதுமக்களின் பாதுகாப்பு திட்டத்தின் ஓரத்தில் எழுதும் குறிப்பாக இருக்க முடியாது. நிலம், வானிலை போல அது முதன்மைக் காரணி. சட்டப்படியும் அறத்தின்படியும் தளபதியின் கடமை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அமைதிக்கென்று வந்த படையின்மேல் ஈழத் தமிழர் வைத்திருந்த நம்பிக்கையும் மிஞ்சவில்லை.

காத்திருக்கும் முடிவு

முடிவெடுத்தல் என்றால் விரைவு என்று பலர் எண்ணுகிறார்கள். 1971இல் கிழக்கு வங்காள நெருக்கடியின்போது ஏப்ரலிலேயே படையெடுப்பது சரியில்லை என்று தரைப்படைத் தலைவர் மானெக்‌ஷா கருத்துரைத்தார். மழைக்காலம் வந்தால் அந்த நிலம் வெள்ளக்காடாகும். இமயக் கணவாய்களில் பனி உருகும் காலத்தில் சீனா தலையிடக்கூடும். படைப்பிரிவுகள் சிதறிக் கிடந்தன. டாங்கிகள் முழு ஆயத்தத்தில் இல்லை. இவை அவர் பின்னாளில் சொன்ன காரணங்கள். அமைச்சரவையில் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலின் விவரங்களில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் போர் டிசம்பரில் நடந்தது, காரணிகள் அப்போது மாறியிருந்தன என்பதில் வேறுபாடு இல்லை. டிசம்பர் 3 அன்று தொடங்கி 16 அன்று டாக்காவில் சரணடைவோடு முடிந்தது.

அதே போரில் விரைவுக்கும் சான்று இருக்கிறது. மேக்னா ஆற்றுப் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்ததும், லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங் டிசம்பர் 9 முதல் ஹெலிகாப்டர்களில் வீரர்களை மறுகரையில் இறக்கினார். டாக்காவை நெருங்குவதே நோக்கம் என்பது அவருக்குத் தெளிவாக இருந்ததால், பாலம் போனது அவரை நிறுத்தவில்லை. பொறுத்திருப்பதும் பாய்வதும் ஒரே முறையின் இரு விளைவுகள். பின்னாளில் நீலகிரியில் வாழ்ந்த மானெக்‌ஷா 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார்.

நேரம் இல்லாதபோது

துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இருக்கும் பிளட்டூன் தலைவரால் இத்தனை படிகளையும் எழுத முடியாது. அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்ட், கவனித்தல், நிலையுணர்தல், முடிவெடுத்தல், செயல்படுதல் என்ற சுழற்சியை எதிரியைவிட விரைவாகச் சுற்றுபவர் வெல்வார் என்றார். 1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்த உளவியலாளர் கேரி கிளைன், அனுபவசாலிகள் நெருக்கடியில் பல வழிகளை ஒப்பிடுவதில்லை, முன்பு கண்ட சூழலோடு இதை அடையாளம் கண்டு, தோன்றும் முதல் வழியை மனத்தில் ஓட்டிப்பார்த்துச் செயல்படுகிறார்கள் என்று கண்டார்.

இதனால் முறை தேவையற்றதாகிவிடவில்லை. அந்த விரைவு உணர்வு நூற்றுக்கணக்கான பயிற்சிகளில் முறையாகச் சிந்தித்துப் பழகியதன் பலன். பழகாதவரின் உள்ளுணர்வு வெறும் ஊகமாகவே இருக்கும். அனுபவசாலியும் புதிய களத்தில் ஏமாறுவார். பக்சாரில் வென்ற மன்றோ காஞ்சிபுரத்தில் தடுமாறியது அப்படித்தான்.

செயல் முடிந்தபின் வரும் மீள்பார்வையும் முறையின் பகுதியே. என்ன நடக்க வேண்டும் என்று எண்ணினோம், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை என்ன செய்வது என்ற நான்கு கேள்விகளைப் பதவி பாராமல் கூடிப் பேசும் வழக்கம் 1970களில் அமெரிக்கத் தரைப்படையில் நிலைபெற்றுப் பிற படைகளுக்கும் பரவியது. 1999 கார்கில் போருக்குப் பின் இந்திய அரசு, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைத்த மறுஆய்வுக் குழு இதே வேலையை நாட்டளவில் செய்தது. பல அமைப்புகளிடம் சிதறிக் கிடந்த உளவுத் தகவல் ஒன்றுசேர்த்து எடைபோடப்படாத குறையை அது சுட்டியது. அதன் தொடர்ச்சியாக 2002இல் பாதுகாப்பு உளவு முகமை அமைந்தது.

படையிலிருந்து பட்டறைக்கு

மறைமலை நகர் முதல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையிலான ஆலைகளில் லைன் நின்றுபோனால் நடக்கும் ‘ரூட் காஸ்’ என்ற மூலகாரண ஆய்வுக்கும் இந்த வரலாற்றோடு உறவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா தன் ஆலை மேற்பார்வையாளர்களுக்கு நடத்திய தொழிலகப் பயிற்சித் திட்டம், போருக்குப் பின் ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டு உற்பத்தி முறையில் கலந்தது. வாகன ஆலைகளில் வழங்கும் ‘எட்டு டி’ முறையை 1980களில் ஃபோர்டு நிறுவனம் வகுத்தது. குறைபாடுள்ள பொருளைக் கையாள 1974இல் வந்த அமெரிக்க ராணுவத் தரவிதி அதற்கு முன்னோடி. குழு அமைத்தல், சிக்கலை வரையறுத்தல், உடனடித் தடுப்பு, மூலகாரணம், நிலையான தீர்வு, மீண்டும் வராமல் காத்தல் என்ற அதன் வரிசை ராணுவ மதிப்பீட்டின் வரிசையை ஒத்திருக்கிறது.

ஒரு வேறுபாடு மட்டும் அடிப்படையானது. பழுதான இயந்திரம் தன்னைச் சரிசெய்ய வருபவரை ஏமாற்றத் திட்டமிடுவதில்லை, எதிரி திட்டமிடுகிறான். ஆகவே ஆலையில் மூலகாரணத்தைக் கண்டதும் வேலை பெரும்பாலும் முடிகிறது. போர்க்களத்தில் விடை கண்ட மறுகணமே கேள்வி மாறிவிடுகிறது. முறையைச் சடங்காகப் படிவம் நிரப்பும் படை, அது இல்லாத படையைப் போலவே தோற்கும். நோக்கம் எது, தெரிந்தது எது, அனுமானம் எது, எதிரி என்ன செய்வான், அனுமானம் பொய்த்தால் என்ன செய்வது என்ற ஐந்து கேள்விகளையும் நிலைமை மாறும்போதெல்லாம் திரும்பக் கேட்கும் தலைவருக்கே முறை பயன்படும்.